கதையில் வரும் போலீஸ்



கிழக்கேகோட்டை என்னும் பெயரைக் கேட்டு, பெரியதொரு கொத்தளத்தை எதிர்பார்த்துத் திருவனந்தபுரம் வருபவர்கள் சற்று ஏமாறுவார்கள். பஸ்களின் இரைச்சலும், சாலைக் கடைத்தெருவை நோக்கி விரையும் கூட்டமும், பழவங்காடிப் பிள்ளையார் முன்னிலையில் தேங்காய் உடைபடும் ஓசையுமே அவர்களை வரவேற்கும். பழைய கோட்டை வாயிலைக் கடந்து மேற்கே நடந்தால் பத்மநாபசுவாமி கோயில். வியாபாரம் செய்வோரிலும் அக்கிரகாரங்களில் வாழ்வோரிலும் தமிழ் பேசுவோர் இங்கே தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். ஆகவே இவ்வூர்ச் சுவர்களில் ஒட்டப்படும் சினிமா விளம்பரங்களும் இரண்டு மொழியிலும் பேசும். அவ்விளம்பரங்களில் அடிக்கடி காணும் உடை எது என்று கேட்டால், பட்டு வேட்டி அன்று, காக்கிச் சட்டையே.

சில ஆண்டுகளுக்கு முன் இந்த நாற்சந்தியில், நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறிய ஒரு முதியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். போலீசில் ஹெட் கான்ஸ்டேபிளாக இருந்து ஓய்வு பெற்றவர். அவருக்கு நேர் எதிரே ஒரு பட விளம்பரம். அதில் ஓர் இன்ஸ்பெக்டர் ஒருவனைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார். "ஏட்டையா, உங்கள் காலத்தில் இப்படி உண்டா?" என்று வேடிக்கையாகக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "சினிமாவிலே அடிக்கிற இன்ஸ்பெக்டருக்கு ஆளு யாருன்னு முன்னாடியே தெரியும் சார். எங்களுக்கு அது தெரியாதுல்லா" என்றார். போலீஸ் கதைகளைப் பற்றி அறிஞர்கள் எழுதியவற்றை ஓரளவு படித்திருக்கிறேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு ஈடாக ஒன்றும் என் நினைவில் நிற்கவில்லை. இன்று நான் சொல்லப்போவதெல்லாம் அதற்கு உரை என்றே கொள்ளலாம்.

முதலில் பாட்டைப் பார்ப்போம். நம் நாட்டுப் பாட்டு என்றும் கள்ளன் பக்கமே நின்றிருக்கிறது. கொட்டாரத்தில் சங்குண்ணி தொகுத்த 'ஐதிஹ்யமாலை'யில் காயங்குளம் கொச்சுண்ணி உள்ளவனிடம் பறித்து இல்லாதவனுக்குக் கொடுக்கும் வள்ளலாக விளங்குகிறான். அவன் 1859இல் திருவனந்தபுரம் சிறையிலே இறந்தான் என்பர். தென் திருநெல்வேலிச் சீமையில் 1920களில் போலீசாரின் கையால் உயிரிழந்த செம்புலிங்கத்துக்கும் கதைப்பாடல் உண்டு. டோனாவூரில் வாழ்ந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் அவனைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலே எழுதினார். ஆனால் இவர்களைப் பிடித்த போலீசாரைப் பற்றிப் பாடிய நாட்டுப் பாடகன் யாரேனும் உண்டா? போலீசாருக்கு வாய்த்த இசை, அணிவகுப்பில் அவர்களே வாசித்துக்கொள்ளும் பாண்டு வாத்தியம் ஒன்றுதான்.

துப்பறியும் கதையிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே. தொடக்கம் என்னவோ போலீசாருக்குச் சாதகமாகத்தான் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டில் பண்டித நடேச சாஸ்திரியார் எழுதிய கதைகளின் நாயகனான தானவன் ஒரு 'போலீஸ் நிபுணன்'. ஆனால் பின்னால் வந்தவர்கள் போலீசாரை மெல்ல ஒதுக்கிவிட்டார்கள். 1908இல் வெளிவந்த ஜே. ஆர். ரங்கராஜுவின் 'ராஜாம்பா'ளில் புகழ் துப்பறியும் கோவிந்தனுக்கு. வடுவூர் துரைசாமி ஐயங்கார் துப்புத் துலக்கும் வேலையை ஒரு சாமியாரிடமே ஒப்படைத்தார். தேவனின் சாம்புவோ அசட்டுப் பாங்கிக் குமாஸ்தா. அவருடைய உளறலைக் கேட்டு வியந்து நிற்பதே இன்ஸ்பெக்டர் கோபாலனின் உத்தியோகம். தமிழ்வாணனின் சங்கர்லாலும் சுஜாதாவின் கணேஷும் வசந்தும் போலீசார் அல்லர். பின்னவர் இருவரும் வக்கீல்கள். குற்றத்தைக் கண்டுபிடிக்கும் மூளையை நம் எழுத்தாளர்கள் காக்கிச் சட்டைக்குள் வைக்கத் தயங்கினார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

அந்தச் சட்டையை அருகிலிருந்து பார்த்த எழுத்தாளர் ஒருவர் மலையாளத்தில் உண்டு. வைக்கம் முகம்மது பஷீர் லாக்கப்பிலும் சிறையிலும் கிடந்தவர். 'டைகர்' என்னும் அவருடைய சிறுகதையின் நாயகன் ஒரு போலீஸ் ஸ்டேஷன் நாய். கைதிகளுக்கு உரிய சோற்றைத் தின்று அது கொழுக்கிறது. துப்பறிவாளனும் இல்லை, மர்மமும் இல்லை. ஆயினும் போலீஸ் நிலையத்தைப் பற்றி இதைவிடக் கொடிய கதையை நான் படித்ததில்லை.

இனி சினிமாவுக்கு வருவோம். இவ்விடத்தில் திருவனந்தபுரத்துக்காரர் ஒருவரைப் பற்றிச் சற்று விரிவாகப் பேச வேண்டும். சத்யனைச் சொல்கிறேன். 1912இல் பிறந்த சத்யனேசன் நாடார் பட்டாளத்தில் பணியாற்றி, பின்பு திருவிதாங்கூர்ப் போலீசில் சப் இன்ஸ்பெக்டர் ஆனார். 1940களின் பிற்பகுதியில் அவர் ஆலப்புழையில் வேலை பார்த்தார். 1946இல் புன்னப்புர வயலார்க் கிளர்ச்சி நடந்த நிலம் அது. கயிற்றுத் தொழிலாளர்களும் பொதுவுடைமைக் கட்சியினரும் போலீஸ் என்ற சொல்லைக் கேட்டாலே பல்லைக் கடித்த காலம். அந்த உத்தியோகத்தை உதறிவிட்டு அவர் நடிக்க வந்தார். 1954இல் 'நீலக்குயில்', 1965இல் 'செம்மீன்' என்று மலையாளத் திரையின் முதல் வரிசையில் நின்றார்.

போலீஸ்காரராக இருந்த அவருக்குத் திரையில் வாய்த்த வேடங்களைப் பாருங்கள். 1966இல் அவர் காயங்குளம் கொச்சுண்ணியாக நடித்தார். அதாவது, கள்ளனைத் தேடும் வேலையை விட்டு வந்தவர், தேடப்படும் கள்ளனானார். அதனினும் வியப்பு ஒன்று உண்டு. தகழி சிவசங்கரப் பிள்ளையின் நாவலைத் தழுவிச் சேதுமாதவன் இயக்கிய 'அனுபவங்கள் பாளிச்சகள்' என்னும் படத்தில் அவர் ஏற்ற வேடம் செல்லப்பன். போலீசுக்கு அஞ்சி மறைந்து திரிந்து, இறுதியில் தூக்குமேடை ஏறும் பொதுவுடைமைத் தொழிலாளி. 1971 ஜூனில் சத்யன் காலமானார். அதன் பின்னரே படம் திரைக்கு வந்தது. ஆலப்புழையில் காக்கி அணிந்து நின்ற நாள்களில் செல்லப்பனைப் போன்ற எத்தனை பேரை அவர் எதிரே கண்டிருப்பார்! அந்த முகங்களிலிருந்து அவர் என்ன எடுத்துக்கொண்டார் என்பது நமக்குத் தெரியாது. ஆயினும் செல்லப்பனின் கண்ணில் தெரியும் எச்சரிக்கை, எதிர்ப்பக்கத்திலிருந்து பார்த்தறிந்த ஒன்று என்றே எனக்குத் தோன்றும்.

தமிழில் போலீஸ் அதிகாரியைத் தெய்வத்துக்கு அடுத்த படியில் ஏற்றி வைத்தது 1974இல் வெளிவந்த 'தங்கப்பதக்கம்'. மகேந்திரன் எழுதி மேடையில் நாடகமாக நடந்த கதை அது. சிவாஜி கணேசன் நடித்த சௌத்ரி என்னும் அதிகாரி கடமைக்காகத் தன் மகனையே சுடுகிறார். அங்கே வீரத்தின் விலையை வீரனே கொடுத்தான். பின்னர் வந்த படங்களில் அந்த விலை பிறர் தலையில் விழத் தொடங்கியது. 1982இல் 'மூன்று முகம்', 1994இல் மலையாளத்தில் 'கமிஷனர்', 2003இல் 'சாமி', 'காக்க காக்க', 2010இல் 'சிங்கம்' என்று வரிசை நீள்கிறது. சட்டத்தின் கை கட்டப்பட்டிருக்கிறது, ஆகவே வீரன் சட்டத்தை மீறுகிறான் என்பது இவற்றில் பலவற்றின் தர்க்கம். கொட்டகையில் கைதட்டல் எழும் இடமும் அதுவே. நானும் கைதட்டியிருக்கிறேன், மறைப்பானேன்?

அந்தக் கைதட்டல் எங்கிருந்து வருகிறது? ஏட்டையா சொன்னதை நினைவுகூருங்கள். வில்லன் கொலை செய்வதை நாம் முன்பே கண்ணால் பார்த்துவிட்டோம். ஆகவே இன்ஸ்பெக்டர் அவனை அடிக்கும்போது அது நமக்கு விசாரணையாகத் தோன்றுவதில்லை, தண்டனையாகத் தோன்றுகிறது. நம் அறிவைக் கதாசிரியர் இன்ஸ்பெக்டருக்குக் கடனாகக் கொடுத்துவிடுகிறார். உண்மையான நிலையத்தில் அந்தக் கடன் கிடைப்பதில்லை. அங்கே முன்னால் நிற்பவன் கள்ளனாகவும் இருக்கலாம், கடைக்குப் போய்க்கொண்டிருந்தவனாகவும் இருக்கலாம்.

அந்தக் கடனைக் கொடுக்க மறுத்த படங்களும் நம்மிடம் உண்டு. 1954இல் எஸ். பாலசந்தர் இயக்கி ஏ.வி.எம். தயாரித்த 'அந்த நாள்' பாட்டே இல்லாத படம். இறந்தவனைக் கொன்றவர் யார் என்பது இறுதிவரை நமக்கும் தெரியாது, துப்பறிய வந்த அதிகாரிக்கும் தெரியாது. ஜாவர் சீதாராமன் நடித்த அந்த அதிகாரி கேட்கிறார், கேட்டுக்கொண்டே இருக்கிறார். 1982இல் கே. ஜி. ஜார்ஜ் எடுத்த 'யவனிகா'வும் அத்தகையதே. நாடகக் குழுவின் தபலாக்காரன் காணாமற்போகிறான்; மம்மூட்டி நடித்த சப் இன்ஸ்பெக்டர் ஒவ்வொருவரையும் விசாரிக்கிறார். கதையின் உயிர் அவருடைய கேள்விகளில் இருக்கிறது. இவ்விரு படங்களையும் பார்க்கும்போது நமக்கும் சந்தேகம் ஆளுக்கு ஆள் மாறுகிறது. நாம் சந்தேகித்தவர்களையெல்லாம் அடித்திருந்தால் எத்தனை குற்றமற்றவர்களை அடித்திருப்போம் என்று பின்னால் எண்ணிப் பார்த்தால் நெஞ்சு திடுக்கிடும்.

2013இல் ஜீத்து ஜோசப் எடுத்த 'த்ரிஷ்யம்' இதையே தலைகீழாக்கியது. 2015இல் அவரே அதைத் தமிழில் 'பாபநாசம்' ஆக்கினார். குற்றம் அந்தக் குடும்பத்தின் வீட்டிலேதான் நடந்தது. அது நமக்குத் தெரியும். போலீசாரின் சந்தேகம் சரி. அதுவும் நமக்குத் தெரியும். ஆயினும் போலீசார் சிறு பெண்ணை அடித்துக் கேட்கும்போது நாம் யாரை வெறுக்கிறோம்? போலீசாரையே. ஆக, கொட்டகையில் நம் நெஞ்சு நியாயத்தை நிறுத்துப் பார்ப்பதில்லை. படக்கருவி எந்த வீட்டில் குடியிருக்கிறதோ அந்த வீட்டாருக்காக அடித்துக்கொள்கிறது.

சட்டம் இதைக் கதாசிரியர்களுக்கு முன்பே ஓரளவு அறிந்திருந்தது. போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் குற்றவாளிக்கு எதிராகச் செல்லாது என்று 1872ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் விதித்தது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் அவ்விதி தொடர்கிறது. ஆனால் அதனோடு ஒரு வாசலும் திறந்திருக்கிறது. கைதி சொன்னதைக் கொண்டு ஒரு பொருள் கண்டெடுக்கப்பட்டால், சொன்னதில் அந்த அளவு செல்லும். எனவே பேச்சு வேண்டாம், பொருள் வேண்டும் என்ற நெருக்கடி. 2017இல் திலீஷ் போத்தன் எடுத்த 'தொண்டிமுதலும் த்ரிக்ஸாக்ஷியும்' இந்த ஒரு சங்கடத்தின் மேலேயே நடக்கும் படம். பஸ்ஸில் சங்கிலியைத் திருடியவன் அதை விழுங்கிவிடுகிறான். திருடன் அகப்பட்டுவிட்டான், தொண்டிப் பொருள் அகப்படவில்லை. நிலையம் முழுவதும் அந்த ஒரு சங்கிலிக்காகத் தவிக்கிறது. போலீசாராக நடித்தவர்களில் பலர் உண்மையான போலீசாரே; ஆகையால் அவர்களுடைய சலிப்பிலும் அச்சத்திலும் நடிப்பு வாடையே இல்லை.

இப்போது கிழக்கேகோட்டைக்குத் திரும்புவோம். 2005ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள். நாற்சந்தியிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் உள்ள ஸ்ரீகண்டேசுவரம் பூங்காவில் இரண்டு பேரைப் போலீசார் பிடித்துக் கோட்டைப் போலீஸ் நிலையத்துக்குக் கொண்டு சென்றார்கள். அவர்களில் ஒருவன் பழைய சாமான் கடையில் வேலை செய்த இளைஞன். அவனிடம் இருந்த பணம் 4,000 ரூபாய் சொச்சம். இவனிடம் இவ்வளவு பணம் எப்படி வந்தது என்பதே கேள்வி. உழைத்துச் சேர்த்த பணம் என்பது அவன் தாயின் விடை. அன்றிரவே அவன் இறந்தான். இரும்புக் குழாயால் தொடையின்மேல் உருட்டியதால் நேர்ந்த மரணம் என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. 'உருட்டல்' என்னும் சொல்லை இவ்வூர்ப் பத்திரிகைகள் மாதக்கணக்கில் அச்சிட்டன.

எந்தப் படக்கருவியும் முன்கூட்டி அவனைப் பார்த்திருக்கவில்லை. அவன் கள்ளனா அல்லனா என்று அந்த நிலையத்தில் யாருக்கும் தெரியாது.

கணவன் துணையின்றி மகனை வளர்த்த அந்தத் தாய் நீதிமன்றப் படிகளில் ஏறினார். விசாரணை மத்திய புலனாய்வுத் துறையின் கைக்கு மாறியது. பதின்மூன்று ஆண்டுகள் கடந்தபின், 2018 ஜூலையில் திருவனந்தபுரத்துச் சிறப்பு நீதிமன்றம் இரண்டு போலீசாருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது; வேறு சிலருக்குச் சிறைத் தண்டனை. பணியிலிருந்த போலீசாருக்குக் காவலில் நடந்த மரணத்துக்காகத் தூக்கு என்பது நாட்டில் மிக அரிது. ஆகவே செய்தி எங்கும் பரவியது.

அதன்பின் கதை சினிமாவுக்குப் போயிற்று. மலையாளத்தில் அன்று, தமிழிலும் அன்று, மராத்தியில்! அனந்த் நாராயண் மகாதேவன் இயக்கிய அப்படத்தின் பெயர் 'மாயி காட்: கிரைம் நம்பர் 103/2005'.  திருவனந்தபுரத்துத் தாய் படத்தில் மராட்டியத்து ஆற்றுப் படித்துறையில் துணி வெளுக்கும் தாயாகிறாள். அவ்வேடத்தில் நடித்த உஷா ஜாதவுக்கு 2019இல் கோவாவில் நடந்த இந்திய சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான வெள்ளி மயில் கிடைத்தது. போலீஸ் படம் என்றால் போலீஸ்காரன் நடுவில் நிற்க வேண்டும் என்ற வழக்கத்தை இந்தப் படம் மாற்றுகிறது. நடுவில் நிற்பவள், நிலையத்தின் வெளியே காத்திருந்தவள்.

இப்படிக் காத்திருப்பவரை நடுவில் நிறுத்தும் வழியைக் கேரளத்தில் முன்பே ஒருவர் போட்டுவிட்டார். நெருக்கடிநிலைக் காலத்தில், 1976 மார்ச்சில், கோழிக்கோட்டுப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜனைப் போலீசார் கொண்டுபோனார்கள், அவர் திரும்பவில்லை. தந்தையார் ஈச்சர வாரியர் 1977இல் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுத் தொடுத்தார். அதன் விளைவாக முதலமைச்சர் கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. ஷாஜி என். கருண் 1988இல் எடுத்த 'பிறவி' அந்நிகழ்ச்சியின் சாயலில் பிறந்தது. முதியவர் பிரேம்ஜி நடித்த தந்தை, வராத மகனுக்காகப் படகுத் துறையில் மாலைதோறும் காத்து நிற்கிறார். மகனைத் தேடித் தலைநகரத்துக்கே வருகிறார். படம் முழுவதும் மழை. லாக்கப்பின் உட்புறத்தை இயக்குநர் நமக்குக் காட்டவில்லை. தந்தை பார்க்க முடியாததை நாமும் பார்க்க முடியாது.

தமிழில் வெற்றிமாறன் அந்தக் கதவைத் திறந்து உள்ளேயே போனார். கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார், குண்டூரில் தாம் அடைபட்டுக் கிடந்த அனுபவத்தை 'லாக்கப்' என்று நாவலாக எழுதினார். அதிலிருந்து பிறந்த 'விசாரணை' 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது; அடுத்த ஆண்டு நம் கொட்டகைகளுக்கு வந்தது. வேற்று மாநிலத்தில் மொழி தெரியாமல் அகப்பட்ட தமிழ்க் கூலிகள், செய்யாத குற்றத்தை ஒப்புக்கொள்ளும்வரை அடிபடுகிறார்கள். அந்த அடி விழும்போது கொட்டகையில் யாரும் கைதட்டவில்லை. காரணம் எளிது. இம்முறையும் நமக்கு முன்பே தெரியும்; ஆனால் தெரிந்தது, இவர்கள் செய்யவில்லை என்பது. 2021இல் வந்த 'ஜெய் பீம்' 1993இல் நடந்த ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு, இதே ஆட்கொணர்வு மனுவின் வழியே நீதிமன்றத்துக்குப் போயிற்று.

போலீசாரின் பக்கத்து வேதனையையும் சொல்லாமல் விடுவது முறையன்று. 2021இல் வந்த 'நாயாட்டு' என்னும் மலையாளப் படத்தை எழுதிய ஷாஹி கபீர் போலீசில் பணிபுரிந்தவர். அதில் மூன்று போலீசார், தம் துறையே துரத்த, மலைமேல் ஓடுகிறார்கள். மேலிடத்துக்கு ஓர் ஆள் தேவை. நேற்றுவரை ஆள் பிடித்தவர்கள் இன்று அந்த ஆளாகிறார்கள். சத்யன் இருந்திருந்தால் இவ்வேடத்தை விரும்பியிருப்பார்.

தொலைக்காட்சியைப் பற்றி ஒரு சொல். 1989இல் தூர்தர்ஷன் காட்டிய 'உடான்' ஒரு பெண் போலீஸ் அதிகாரியாவதைச் சொல்லிப் பல வீட்டுப் பெண்களுக்கு ஊக்கமூட்டியது. 1998இல் தொடங்கிய 'சி.ஐ.டி.' இருபதாண்டு ஓடியது. கதவை உதைத்துத் திறப்பது அதன் முத்திரை. அண்மைக் காலத்து இணையத் தொடர்களில், 2023இல் வந்த 'கேரள கிரைம் ஃபைல்ஸ்' போன்றவை, பல மணி நேரம் கிடைப்பதால் கோப்பையும் அலைச்சலையும் காட்ட அவகாசம் பெறுகின்றன. விலாசம் தேடி வீடு வீடாக நடக்கும் போலீஸ்காரரைக் கண்டால் எனக்கு நம்பிக்கை பிறக்கிறது. உண்மைத் தொழில் அதுதானே?

படக்கருவி இப்போது நிலையத்துக்குள்ளேயே வந்துவிட்டது என்பதையும் கூற வேண்டும். நாட்டின் எல்லாப் போலீஸ் நிலையங்களிலும், லாக்கப், வராந்தா உட்பட, கண்காணிப்புப் படக்கருவிகளைப் பொருத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் ஆணையிட்டது. அந்தப் படத்துக்குப் பின்னணி இசை கிடையாது, வெட்டி ஒட்டுவார் கிடையாது. யார் கள்ளன் என்று அது முன்கூட்டிச் சொல்லவும் சொல்லாது.

அந்த மராத்திப் படத்தைப் பற்றி இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. பதின்மூன்றாண்டுப் போராட்டம் 2018ஆம் ஆண்டுத் தீர்ப்பில் வெற்றி பெற்ற கதை அது. ஆனால் வழக்கு அங்கே நிற்கவில்லை. 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம், புலனாய்வில் கண்ட குறைகளை எடுத்துரைத்து, தண்டிக்கப்பட்டிருந்த போலீசார் அனைவரையும் விடுதலை செய்தது. இளைஞன் காவலில் இருந்து இறந்தது மறுக்க முடியாதது. இழைத்தவர் இன்னார் என்பது அந்த நீதிமன்றத்தின் முன் நிறுவப்படவில்லை. தீர்ப்பு வந்த நாளில் அந்தத் தாய்க்கு வயது முதிர்ந்துவிட்டிருந்தது.

இன்று யாரேனும் அப்படத்தைப் போட்டுப் பார்த்தால், கடைசிக் காட்சியில் அந்தப் படித்துறைத் தாய் இன்னும் வென்றவளாகவே நிற்பாள்.